கேம் கன்சோல் பவர் சப்ளைக் கோளாறு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கன்சோல் இயங்காமல் போனதும் பலர் செய்யும் முதல் வேலை, புதிய பவர் சப்ளை வாங்குவது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகும் அதே கோளாறு அப்படியே நிற்கும். பழுது மதர்போர்டில் (கன்சோலின் முதன்மைப் பலகையில்) இருந்திருக்கும், அல்லது சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் இருந்திருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. பவர் சப்ளையில் உள்ள சிறு கோளாறை மதர்போர்டு பழுதென்று எண்ணி, நல்ல கன்சோலைக் கழித்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்க ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேட வேண்டும்: கன்சோல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? பிளக்கைச் சொருகியபோதே உயிர் இல்லையா, பொத்தானை அழுத்தியதும் அணைகிறதா, ஆட்டம் நடக்கும்போது நடுவில் போகிறதா? கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த நேரமே பெரும்பாலும் சொல்லிவிடும். கீழே உள்ள வழிமுறை முழுவதும் அந்த நேரத்தை வைத்தே அமைந்திருக்கிறது.

உள்ளே இரண்டு மின்சாரங்கள்

சுவரிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றித் தருவது பவர் சப்ளை. அதற்குள் இரண்டு பகுதிகள் தனித்தனியாக இயங்குகின்றன என்பதைப் பழுது பார்ப்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒன்று ஸ்டாண்ட்பை மின்சாரம். பிளக்கைச் சொருகிய நொடியிலிருந்து, கன்சோல் அணைந்திருக்கும்போதும், ஏறக்குறைய 5 வோல்ட் அளவில் சிறிதளவு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பொத்தானில் விரல் பட்டதை உணர்வதும், பீப் ஒலி எழுப்புவதும் இந்தச் சிறு மின்சாரத்தின் வேலை. மற்றொன்று முதன்மை மின்சாரமான 12 வோல்ட். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு ஒரு தனிக் கம்பி வழியாகக் கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளை வந்த பிறகே 12 வோல்ட் எழும்.

எக்ஸ்பாக்ஸ் 360-உடன் முதலில் வந்த 203 வாட் அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் இதை அப்படியே படிக்கலாம்: 12 வோல்ட் 16.5 ஆம்பியர், 5 வோல்ட் 1 ஆம்பியர். பெருக்கிக் கூட்டினால் 203 வாட் சரியாக வரும். பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் போன்றவற்றில் பவர் சப்ளை கன்சோலின் வயிற்றுக்குள் இருக்கிறது. இடம்தான் வேறு, வேலை இதேதான்.

திறப்பதற்கு முன் படிக்க வேண்டியது

இந்த ஒரு பகுதியை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் அதன் உச்சம் 325 வோல்ட்டுக்கு ஏறும். பெரிய கன்சோல்களின் பவர் சப்ளையில் அதை இன்னும் உயர்த்தி 380 முதல் 390 வோல்ட் வரை கொண்டுபோய், தடித்த ஒரு கெப்பாசிட்டரில் தேக்குகிறார்கள். 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றில் 390 வோல்ட் நின்றால் அதில் ஏறக்குறைய 17 ஜூல் ஆற்றல் இருக்கிறது. நெஞ்சின் குறுக்கே பாய்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது.

பலர் அறியாத ஒன்று: நன்றாக இயங்கும் பவர் சப்ளையைவிடப் பழுதானது ஆபத்து மிகுந்தது. இயங்கும் சப்ளையில் பிளக்கைப் பிடுங்கியதும் மதர்போர்டும் மின்விசிறியும் தேங்கிய மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஸ்விட்ச்சிங் பகுதி செத்துப்போன சப்ளையில் அதைக் குடிக்க ஆளில்லை; பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆன பிறகும் கெப்பாசிட்டர் நிறைந்தே இருக்கலாம். பொத்தானைச் சில முறை அழுத்தினால் மின்சாரம் வடிந்துவிடும் என்று சொல்வார்கள். 12 வோல்ட் பக்கத்துக்கு அது பொருந்தும், பழுதான சப்ளையின் உயர் மின்னழுத்தப் பக்கத்துக்குப் பொருந்தாது.

ஆகவே மின்னணுப் பழுதில் பயிற்சி இல்லாதவர்கள் கன்சோலைத் திறக்கலாம், பவர் சப்ளையை அதன் உறையோடு கழற்றி மாற்றலாம். அந்த உறையை மட்டும் திறக்கக் கூடாது. பயிற்சி உள்ளவர்கள் திறந்ததும் முதலில் மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் வைத்து, பெரிய கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் அளக்க வேண்டும். மின்சாரம் இருந்தால் சில ஆயிரம் ஓம் மதிப்புள்ள, 10 வாட் தாங்கும் ரெசிஸ்டரை நன்கு காப்பிடப்பட்ட கம்பிகளோடு வைத்து வடித்துவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ஷார்ட் செய்வது (இரு முனைகளையும் நேராக இணைப்பது) கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணில் தீப்பொறியையும் தெறிக்கவிடும்.

அறிகுறி: பிளக்கைச் சொருகினாலும் சலனமே இல்லை

விளக்கு இல்லை, ஒலி இல்லை, பொத்தானைத் தொட்டால் எதுவும் நடக்கவில்லை. ஸ்டாண்ட்பை மின்சாரம் மதர்போர்டுக்குப் போகவில்லை என்பது இதன் பொருள். சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயிண்டில் ஒரு விளக்கையோ போன் சார்ஜரையோ சொருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டைமர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுக் கன்சோலைச் சுவரிலேயே நேராகச் சொருகுங்கள்.

அடுத்து மின்கம்பி. பெரும்பாலான பிளேஸ்டேஷன்களுக்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்-க்கும் 8 என்ற எண்ணின் வடிவில் இரண்டு துளை கொண்ட கம்பிதான். ரேடியோ, பிரிண்டர் எனப் பல கருவிகளில் இதே கம்பி இருப்பதால் ஒன்றை எடுத்து மாற்றிப் பார்ப்பது எளிது. பழைய கம்பியின் துளைகள் தளர்ந்து, சொருகும்போது பிடிமானம் இல்லாமல் ஆடினால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கன்சோலை லேசாக நகர்த்தினால் உயிர் வந்து போகிறது என்றால் கம்பி, அல்லது கம்பி நுழையும் வாய், இவற்றில் ஒன்றுதான் காரணம். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோவுக்குக் கணினிகளில் வரும் தடித்த மூன்று முனைக் கம்பி. அதையும் கணினிக் கம்பியோடு மாற்றிப் பார்க்கலாம்.

கம்பி சரியென்றால் ரீசெட் செய்யுங்கள். மின்னழுத்தம் திடீரென எகிறும்போது எக்ஸ்பாக்ஸின் பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். கம்பியைப் பிடுங்கி, 10 விநாடி பொறுத்து, மறுபடி சொருகினால் பூட்டு விடுபடும். இடி மின்னலுக்குப் பிறகோ, மின்சாரம் போய் வந்த பிறகோ அணைந்த கன்சோல் பல நேரங்களில் இதிலேயே எழுந்துவிடும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் எச்டிஎம்ஐ கம்பி, யுஎஸ்பி கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். வெளிக்கருவி ஒன்றில் ஷார்ட் இருந்தால் ஸ்டாண்ட்பை மின்சாரமே அமுங்கிப்போகும். அதற்கும் பயனில்லாமல் போனால் பவர் சப்ளையின் மேல் விழும் சந்தேகம் வலுவானது. ஃபியூஸ் போயிருக்கலாம், ஸ்டாண்ட்பை பகுதி போயிருக்கலாம்.

ஃபியூஸ் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபியூஸ் தானாக உருகுவது அரிது. உருகியதென்றால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. மின்னழுத்தம் எகிறும்போது தன்னையே பலி கொடுக்கும் வேரிஸ்டர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தரும் ஸ்விட்ச்சிங் மாஸ்ஃபெட் ஆகிய மூன்றையும் சோதிக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் அந்த நொடியிலேயே வெடிக்கும். கண்ணாடி ஃபியூஸின் உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசியதுபோலோ இருந்தால் கடுமையான ஷார்ட். கம்பி மட்டும் நடுவில் மெல்ல அறுந்திருந்தால் சுமை கூடியோ வயதாகியோ போயிருக்கலாம்.

அறிகுறி: பீப் என்கிறது, விளக்கு மின்னுகிறது, உடனே அணைகிறது

மிகுதியான குழப்பம் இந்த அறிகுறியில்தான். அநியாயமாகப் பவர் சப்ளைகள் வாங்கப்படுவதும் இதற்காகத்தான். விளக்கு எரிந்ததென்றால் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கிறது. மதர்போர்டு கட்டளை அனுப்பியிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது இரண்டில் ஒன்று: 12 வோல்ட் எழவில்லை, அல்லது எழுந்த 12 வோல்ட்டை மதர்போர்டில் உள்ள ஷார்ட் இழுத்துக் கீழே தள்ளியதால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று கவனியுங்கள். பொத்தானைத் தொட்ட ஒரு விநாடிக்குள், மின்விசிறி சுழலக்கூடத் தொடங்காமல் அணைந்தால் 12 வோல்ட் பக்கம்தான் சிக்கல்; அது சப்ளையா மதர்போர்டா என்பது இன்னும் தெரியாது. மின்விசிறி சுழன்று, சில விநாடிகள் நீல விளக்கு துடித்து, அதன் பிறகு அணைந்தால் 12 வோல்ட் எழுந்துவிட்டது என்று பொருள். பிளேஸ்டேஷன் 4 வெள்ளை விளக்குக்கு மாறாமல் நீலத்திலேயே துடித்து அணைந்தால், பவர் சப்ளையைவிட எச்டிஎம்ஐ வாய், ஹார்ட் டிஸ்க், முதன்மைச் சிப் ஆகியவற்றின் மேலேயே எனக்கு முதல் சந்தேகம் எழும். பழைய பிளேஸ்டேஷன் 3-இல் பச்சை எரிந்து, மஞ்சள் ஒரு கணம் மின்னி, மூன்று பீப் ஒலியோடு சிவப்பு சிமிட்டினால், அங்கேயும் பெரும்பாலும் மதர்போர்டுதான். விளக்கின் நிறம் மாறிக்கொண்டே போகும் அளவுக்கு மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரித்தறியும் வழி இது. எச்டிஎம்ஐ கம்பியைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அணையாமல் நின்றால் டார்ச் அடித்து எச்டிஎம்ஐ வாய்க்குள் பாருங்கள். வளைந்து பக்கத்து முனையைத் தொடும் ஒரு சிறு பின் போதும், கன்சோலைப் படுக்க வைத்துவிடும். அடுத்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். பிளேஸ்டேஷன் 4 ஹார்ட் டிஸ்க் இல்லாமலும் எழுந்து, சேமிப்பகத்தை அணுக முடியவில்லை என்று திரையில் சொல்லும். அப்படிச் சொல்லிக்கொண்டு அணையாமல் நின்றால் பவர் சப்ளை குற்றமற்றது.

இன்னும் அணைகிறதென்றால் பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து பிரித்து, மதர்போர்டில் 12 வோல்ட் நுழையும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்து, மீட்டர் விடாமல் பீப் அடித்தால் மதர்போர்டில் ஷார்ட். எத்தனை பவர் சப்ளை மாற்றினாலும் பயனில்லை. சிப்புக்கு அருகே உள்ள காயில்களில் அளந்தால் மிகக் குறைந்த ஓம் காட்டும். அங்கே அது இயல்பு, அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பார்க்க வேண்டியது 12 வோல்ட் நுழையும் வாசலை மட்டுமே.

எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை எளிது. அடாப்டரின் மேல் உள்ள விளக்கு காத்திருக்கும்போது ஆரஞ்சு, இயங்கும்போது பச்சை. பொத்தானை அழுத்திய பிறகு சிவப்பானால், அடாப்டரைக் கன்சோலிலிருந்து பிரித்து, சுவரிலும் பிடுங்கி, சற்றுப் பொறுத்துத் தனியாகச் சொருகுங்கள். தனியாக இருக்கும்போதும் சிவப்பு என்றால் அடாப்டர் பழுது. தனியாக ஆரஞ்சு, கன்சோலில் மாட்டி அழுத்தினால் மட்டும் சிவப்பு என்றால் கன்சோலுக்குள் ஷார்ட் இருக்கலாம், அல்லது அடாப்டர் சுமை தாங்காததாக இருக்கலாம். அப்போது வேறொரு அடாப்டரை மாட்டிப் பார்ப்பதே முடிவு சொல்லும்.

அறிகுறி: பல முறை அழுத்தினால்தான் எழுகிறது

காலையில் முதல் முறை அழுத்தினால் அணைகிறது, நான்கைந்து முறை அழுத்திய பிறகு எழுகிறது, எழுந்துவிட்டால் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுகிறது. வயதான கெப்பாசிட்டரின் அடையாளம் இது. உள்ளிருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள் மின்தடை ஏறும். சூடானால் அந்த மின்தடை சற்று இறங்கும். அதனால்தான் சூடேறிய பிறகு ஒழுங்காக இருக்கிறது. நாள் போகப் போக அழுத்த வேண்டிய எண்ணிக்கை கூடும், ஒருநாள் எழாமலே போகும். தள்ளிப் போடாமல் சப்ளையை மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் வற்றிய கெப்பாசிட்டர் வழியாக வரும் கரடுமுரடான மின்சாரம் மதர்போர்டையும் சேர்த்து வதைக்கிறது.

உறையைத் திறக்கும் பயிற்சி உள்ளவர்கள் கெப்பாசிட்டரின் தலையைப் பார்க்க வேண்டும். உச்சியில் சிலுவைக் குறிபோல் கீறியிருக்கும் தகடு தட்டையாக இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினாலே தெரியும் அளவுக்கு மேடிட்டிருந்தாலோ, கீறலின் ஓரத்தில் பழுப்புப் பொருக்குத் தட்டியிருந்தாலோ அது முடிந்துவிட்டது. அடிப்பாகத்தைச் சுற்றி மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருக்கும் பசையைப் பார்த்துக் கசிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதிர்வில் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே வைக்கும் பசை அது. அசல் கசிவு பலகையின் பச்சையை மங்கச் செய்து, அருகில் உள்ள சால்டரைப் பொலிவிழக்கச் செய்திருக்கும்; மீன் வாடை போன்ற ஒரு நெடியும் இருக்கும். தலை தட்டையாக இருப்பதாலேயே கெப்பாசிட்டர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. உள் மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அறிகுறி: ஆட்டத்தின் நடுவே அணைகிறது

முகப்புத் திரையில் மணிக்கணக்கில் நிற்கிறது. பெரிய ஆட்டம் ஒன்றில் காட்சி கனமானதும் பட்டென்று அணைகிறது. இங்கே வெப்பத்தையும் சுமையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெப்பம் என்றால் முன்னறிவிப்பு இருக்கும். மின்விசிறியின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பல கன்சோல்கள் திரையில் எச்சரிக்கை காட்டும், பிளேஸ்டேஷன் 4 சிவப்பு விளக்குக் காட்டும். அணைந்த உடனே மறுபடி போட்டால் முதல் முறையைவிடச் சீக்கிரமாக அணையும். சுமை என்றால் முன்னறிவிப்பே இருக்காது. குளிர்ந்த கன்சோலைப் போட்டு ஐந்து நிமிடத்தில் கனமான காட்சிக்குப் போனாலும் அணையும், அடுத்த நொடியே மறுபடி எழும்.

வெப்பமானால் தூசியைத் துடைப்பது முதல் வேலை. பிளேஸ்டேஷன் 4-இல், சிப்பின் சூட்டை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைக் கடந்து வரும் சூடான காற்று பவர் சப்ளையின் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. ஹீட்சிங்கில் தூசி அடைத்தால் சிப்போடு பவர் சப்ளையும் வேகும். எக்ஸ்பாக்ஸ் 360-இன் தொடக்கக் கால அடாப்டருக்கும், முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் அடாப்டருக்கும் உள்ளேயே தனியாகச் சிறு மின்விசிறி உண்டு. அந்த அடாப்டரைக் கம்பளத்தின் மேலும் சோபாவின் பின்னும் தள்ளி வைத்தால் காற்று நின்று, கன்சோல் குளிர்ந்திருந்தாலும் அடாப்டர் அணைந்துவிடும். அடாப்டரைக் கட்டாந்தரையில் நாலு பக்கமும் காற்றுப் படும்படி வைத்துவிட்டு ஒருநாள் விளையாடிப் பாருங்கள். பழுதென்று நினைத்த பலவும் இதில் சரியாகும்.

சுமையானால் 12 வோல்ட் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கலாம், அல்லது சப்ளைக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பு கறுத்திருக்கலாம். மாற்றுவதற்கு முன் அந்த இணைப்பைக் கட்டாயம் பாருங்கள். 12 வோல்ட்டில் பத்துப் பதினைந்து ஆம்பியர் ஓடும் இடத்தில் சிறிது தளர்வு இருந்தாலும் முனை சூடாகி, பிளாஸ்டிக் பழுத்து, தொடுகை மேலும் மோசமாகும்.

இன்னொரு வகை உண்டு. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும் கணத்தில் விளக்குகள் லேசாக மங்குகின்றன. தொலைக்காட்சி அணையவில்லை, கன்சோல் மட்டும் அணைகிறது. நல்ல பவர் சப்ளை, உள்ளே வரும் மின்சாரம் ஒரு சுற்று தவறினாலும் தன் பெரிய கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்துச் சமாளிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று என்பது 20 மில்லி விநாடி. அந்தச் சிறு இடைவெளியைக் கூடத் தாங்கவில்லை என்றால் பெரிய கெப்பாசிட்டர் வற்றிவருகிறது.

யுபிஎஸ், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் வேறொன்றையும் யோசிக்க வேண்டும். மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும்போது மட்டும் கன்சோல் அணைகிறது என்றால், பழுது கன்சோலில் இல்லாமலும் இருக்கலாம். படிக்கட்டுபோல் உடைந்த அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களோடு சில பவர் சப்ளைகளுக்கு ஒத்துப்போவதில்லை. சைன் அலை தரும் ஒன்றில் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: டிக்... டிக்... டிக்

பிளக்கைச் சொருகியதும் அல்லது பொத்தானை அழுத்தியதும் பவர் சப்ளையிலிருந்து சீரான இடைவெளியில் மெல்லிய டிக் ஒலி. காதை அருகே கொண்டுபோனால் ஒவ்வொரு டிக்குக்கும் ஸ்டாண்ட்பை விளக்கு ஒரு கணம் மினுங்கி மங்குவதையும் பார்க்கலாம். சப்ளை எழ முயல்கிறது, ஏதோ தவறு என்று உணர்ந்து தன்னை நிறுத்திக்கொள்கிறது, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்கிறது. மதர்போர்டைப் பிரித்த பிறகும் டிக் நிற்கவில்லை என்றால் சப்ளைக்குள்ளேயே பழுது. 12 வோல்ட் பக்கத்து டையோடு ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது கட்டுப்பாட்டுச் சிப்புக்கு மின்சாரம் தரும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். பிரித்ததும் ஒலி நின்றால் மதர்போர்டைத் தேடுங்கள்.

கனமான காட்சிகளில் கேட்கும் மெல்லிய கீச்சொலி வேறு. காயில்கள் அதிர்வதால் வருவது அது. கன்சோல் ஒழுங்காக ஓடும்வரை அதைப் பழுதென்று கருத வேண்டியதில்லை.

அறிகுறி: கருகிய நாற்றம், புகை, வீட்டு பிரேக்கர் விழுவது

இதில் சோதனை எதுவும் கிடையாது. கன்சோலைத் தொடாமல் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசையை அடக்குங்கள். முதல் புகையில் போனது ஒரு டையோடு என்றால் இரண்டாவது முறையில் பலகையே கரியாகலாம். கம்பி, பிளக், நுழைவாய் ஆகியவற்றில் உருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பியை அற்பமாக நினைக்க வேண்டாம்: 2005 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், தீப்பிடிக்கும் ஆபத்தைக் காரணம் காட்டி, முதல் எக்ஸ்பாக்ஸின் 1 கோடியே 41 லட்சம் மின்கம்பிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது.

பழுது பார்த்த பவர் சப்ளையை முதல் முறை மின்சாரத்தில் இணைக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுச் சோதிப்பது நல்ல பழக்கம். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் நிறைந்துவிட்டது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பு இருப்பதால் மற்ற பாகங்கள் தப்பித்தன. இதற்கு எல்ஈடி பல்பு உதவாது.

அறிகுறி: தொட்டால் சுரீர் என்கிறது

கன்சோலின் உலோகப் பாகத்தையோ எச்டிஎம்ஐ கம்பியின் முனையையோ வெறுங்காலோடு தொட்டால் லேசாகக் கூசுகிறது. மல்டிமீட்டரை வைத்துத் தரைக்கும் உலோகத்துக்கும் இடையே அளந்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி காட்டும். பார்த்தவர்கள் நடுங்கிப்போவார்கள். இரண்டு முனைக் கம்பி கொண்ட, எர்த் இணைப்பு இல்லாத சப்ளைகளில் இது இயல்பாக நடப்பது. மின் இரைச்சலை வடிகட்ட உயர் மின்னழுத்தப் பக்கத்துக்கும் குறைந்த மின்னழுத்தப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கெப்பாசிட்டரை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அதன் வழியாகக் கசியும் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பகுதிதான். மீட்டரின் உள் மின்தடை மிகப் பெரியது என்பதால் எண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

கூச்சம் அடியாக மாறினால், தசை இழுத்தால், உடனே நிறுத்துங்கள். அது காப்பு உடைந்ததன் அடையாளம். அந்த வடிகட்டும் கெப்பாசிட்டரை மாற்ற நேர்ந்தால், ஒய் வகை என்று குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கெப்பாசிட்டரைத் தவிர வேறெதையும் அந்த இடத்தில் போடக் கூடாது. பழுதானாலும் ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது அது ஒன்றுதான்.

அறிகுறி: ஸ்விட்ச் கையில் ஓடுகிறது, டாக்கில் ஓடவில்லை

நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் அசல் அடாப்டர் இரண்டு மின்னழுத்தம் தரும்: 5 வோல்ட் 1.5 ஆம்பியர், 15 வோல்ட் 2.6 ஆம்பியர். கையில் வைத்துச் சார்ஜ் செய்ய 5 வோல்ட் போதும். தொலைக்காட்சியில் காட்ட டாக்குக்கு (தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கிக்கு) 15 வோல்ட் வேண்டும். போன் சார்ஜரை டாக்கில் சொருகிவிட்டு டாக் பழுது என்று சொல்பவர்கள் நிறைய. அசல் அடாப்டரே என்றால் அதைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் பிடுங்கி, 30 விநாடி பொறுத்து, முதலில் டாக்கிலும் பிறகு சுவரிலும் சொருகுங்கள். அடாப்டரின் பாதுகாப்புப் பூட்டு இதில் விடுபடும். அப்படியும் நடக்காவிட்டால் யுஎஸ்பி-சி வாயில் அழுக்கோ வளைந்த முனையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கன்சோல்களின் அடாப்டர்

பழைய அடாப்டர்களில் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் மற்ற எல்லாம் மாறும். அமெரிக்க நிண்டெண்டோ என்ஈஎஸ்-இன் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி; அதன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, அதுவும் நடுமுனை நெகட்டிவ். என்ஈஎஸ் அடாப்டரை ஃபேமிகாமில் சொருகினால் கன்சோல் கெட்டுப்போகும். என்ஈஎஸ் உள்ளேயே ரெக்டிஃபையர் வைத்திருப்பதால் டிசி கொடுத்தாலும் ஓடும். டிசி வேண்டிய இடத்தில் ஏசி கொடுத்தால்தான் ஆபத்து. சேகா மெகா டிரைவின் முதல் மாடலுக்கு நடுமுனை நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு நடுமுனை பாசிட்டிவ்.

டிரான்ஸ்பார்மர் வைத்த இந்த அடாப்டர்களைச் சுமை இல்லாமல் அளந்தால் 9 வோல்ட் என்று எழுதியதில் 13, 14 வோல்ட் காட்டும். பழுதில்லை. சுமை ஏறியதும் இறங்கிவிடும். திரையில் மெல்ல மேலேறும் மங்கிய பட்டைகளும் ஒலிபெருக்கியில் உம் என்ற ரீங்காரமும் இருந்தால் வடிகட்டும் கெப்பாசிட்டர் வற்றியிருக்கிறது.

மல்டிமீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் தெளிவாகச் சொல்லும். 12 வோல்ட் சரியாக இருக்கிறதா என்பதை அரைகுறையாகவே சொல்லும். சுமை இல்லாத சப்ளையில் 12.1 வோல்ட் வந்துவிட்டது என்பதால் அது நல்லது என்றாகிவிடாது. எக்ஸ்பாக்ஸ் 360 அடாப்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், சிவப்பு ஸ்டாண்ட்பை, நீலம் கட்டளைக் கம்பி. சிவப்பை நீலத்தோடு இணைத்தால் 12 வோல்ட் எழும். எழுந்த 12 வோல்ட்டுக்கு ஒரு கார் ஹெட்லைட் பல்பைச் சுமையாகக் கொடுங்கள். 55 வாட் பல்பு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு இழுப்பதால் இரண்டு பல்புகளை ஒரே நேரத்தில் போட்டால் நல்ல சப்ளையும் அணைந்துவிடலாம், ஒவ்வொன்றாகச் சேருங்கள். சுமையோடு 12 வோல்ட் 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால், அதாவது 11.4-க்குக் கீழே போனால், அந்தச் சப்ளையை நம்ப வேண்டாம். மின்சாரத்தில் கலந்திருக்கும் அதிவேக அலைவுகள் மல்டிமீட்டரின் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

மாற்றும்போது

கன்சோலின் பெயரை மட்டும் சொல்லிப் பவர் சப்ளை வாங்காதீர்கள். பிளேஸ்டேஷன் 4-இன் முதல் வடிவத்துக்கு மட்டுமே ஏடிபி-240ஏஆர், ஏடிபி-240சிஆர், ஏடிபி-200ஈஆர் என்று மூன்று விதமான சப்ளைகள் வந்தன. மதர்போர்டில் சேரும் முனைகள் ஒன்றில் ஐந்து, மற்றவற்றில் நான்கு. ஸ்லிம்முக்கும் ப்ரோவுக்கும் வேறு. பழைய சப்ளையின் உறையில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்து, அதே எண்ணை வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-இல் 203 வாட் அடாப்டரைப் பின்னர் வந்த 175 வாட், 150 வாட் கன்சோல்களில் பயன்படுத்தலாம். குறைந்த வாட் அடாப்டரைப் பழைய கன்சோலில் சொருக முடியாதபடி வாயையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையைக் கத்தியால் செதுக்கி நீக்கிச் சொருகுபவர்கள் அடாப்டரைக் கருக்கிவிடுவார்கள். வேறு நாட்டுக் கன்சோல் என்றால் அடாப்டர் 100-127 வோல்ட்டுக்கு மட்டுமா, 100-240 வோல்ட் முழுவதுக்குமா என்று படித்த பிறகே சுவரில் சொருகுங்கள்.

புதியதை மாட்டியதும் மூடியைத் திருகுவதற்கு முன், மதர்போர்டில் சேரும் முனைகள் முழு ஆழத்துக்கு இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 4-இல் பவர் சப்ளை மேலிருந்து அமரும்போது முனைகள் கண்ணுக்குத் தெரியாது. இரு பக்கமும் சமமாக அழுத்தி அமர்த்தித் திருகாணிகளைப் போட வேண்டும். முதல் நாள் கனமான ஆட்டம் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கம்பி நுழையும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் கம்பியை மாற்றுங்கள். புதிய கம்பியிலும் சுட்டால், வாங்கிய சப்ளையைத் திருப்பிக் கொடுங்கள்.